கல்லீரல் கிடைத்தது, சிறுநீரகத்தை யார் பார்ப்பது?

காரைக்குடி அருகே காலனியில் வசிக்கும் கொத்து வேலைக்கார அண்ணன் அவர். ஹெபடைட்டிஸ் பி கிருமி அவர் கல்லீரலைச் சுருக்கியிருந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிகளில், தெருப்பெயரைச் சொன்னதுமே "எத்தனை வருசமாக் குடிக்கிற?" என்றுதான் கேட்டார்கள். அவர் குடித்ததே இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சென்னையில் மாற்றுக் கல்லீரல் பொருத்தி ஊர் திரும்பியதும், எங்கள் வேலை முடிந்தது என நினைத்தோம். அது எங்கள் தவறு.

நான்காம் மாதம் இடுப்பு வலிக்கு, பக்கத்துக் கிளினிக்கில் டைக்ளோஃபினாக் ஊசி போட்டுக்கொண்டார். சில நாளில் சிறுநீர் குறைந்தது. கிரியேட்டினின் 1.2 என்று ரிப்போர்ட் வந்தது. "நார்மல்னுதான் சொன்னாங்க தம்பி, ஆனா காலு வீங்குதே" என்று அண்ணி போன் செய்தார்.

பழைய ஃபைலைப் புரட்டினோம். முந்தைய வாரம் 0.7.

இங்கேதான் கவனம் வேண்டும், தோழர்களே. நோயில் சதை கரைந்தவருக்குக் கிரியேட்டினின் குறைவாகவே காட்டும். ரிப்போர்ட்டில் அச்சிட்ட எல்லையைப் பார்த்தால் போதாது. அவருடைய பழைய அளவோடு ஒப்பிட வேண்டும். 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலோ, ஒரு வாரத்தில் ஒன்றரை மடங்கு ஆனாலோ அது சிறுநீரகக் காயம். புதுக் கல்லீரலைக் காக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையே சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதன்மேல் வலி ஊசி சேர்ந்தால் இரட்டை அடி.

அன்றிரவே சென்னைக்குக் கூட்டிப்போனோம். வலி மருந்தை நிறுத்தி, டாக்ரோலிமஸைக் குறைத்து, மைக்கோஃபினோலேட் சேர்த்தார்கள். டயாலிசிஸ் இல்லாமல் தப்பினார்.

டாக்ரோலிமஸ் அளவைக் காலை மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தத்தில் பார்க்க வேண்டும். விடியலில் பல்லவன் ஏறினால் எழும்பூர் சேர மதியமாகிவிடும். ஆகவே முந்தின நாளே போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுக்க வேண்டும். இரண்டு நாள் கூலி போகும். துணைக்குப் போகும் அண்ணிக்கும் போகும். அதனால்தான் பரிசோதனை தள்ளிப்போகிறது. இதை நோயாளியின் அலட்சியம் என்று எழுதிவிடுவது எளிது.

குளிரில் வைத்தால் அந்த ரத்தம் சில நாள் கெடாது. காரைக்குடி அரசு மருத்துவமனையில் காலையில் எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். இதைத்தான் மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறோம். சலுகையாக அல்ல, உரிமையாக. உயிர் வாழும் உரிமை டிஸ்சார்ஜ் சீட்டோடு முடிந்துவிடுவதில்லை.