நான்கு கணு



எங்கள் திருமுல்லைவாயல் வீட்டு மாடிப் பந்தலில் ஒரு பன்னீர் திராட்சைக் கொடி இருக்கிறது. ஐந்து வருடமாக இலையாகவே அடர்ந்து கிடந்தது. ஒரு குலை கிடையாது. வெட்டிவிடச் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயில் கதை தெரியும்தானே? யானையின் காலைச் சுற்றிய முல்லைக் கொடியைத் தொண்டைமான் வாளால் வெட்ட, உள்ளே மறைந்திருந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்ததாம். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

போன மார்கழிக் கடைசியில் நாத்தனார் மகன் வந்திருந்தான். கம்பம் பக்கம் சுருளிப்பட்டியில் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம். பந்தலைப் பார்த்ததுமே, "அத்தை, கத்திரிக்கோல் குடுங்க" என்றான்.

"குளிர் தேசத்துல பனிக்காலம் வந்தா இலை உதிர்ந்து கொடி தானே ஓய்வெடுக்கும். அப்ப வெட்டுவாங்க. நம்ம ஊர்ல அதுக்கு ஓய்வே இல்ல, இலையாவே ஓடிக்கிட்டிருக்கும். வெட்டினாத்தான் புதுத் துளிர் வரும். குலை வர்றது அந்தத் துளிர்லதான்."

கம்பம் பள்ளத்தாக்கில் மார்கழி, தையில் ஒரு கவாத்து. வைகாசி, ஆனியில் இன்னொன்று. வெட்டி நாலு மாதத்தில் பழம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது அந்தப் பன்னீர் திராட்சைதான்.

அவன் கண்டபடி வெட்டவில்லை. ஒவ்வொரு கொம்பையும் தொட்டுப் பார்த்தான். பழுப்பேறி முற்றியதில் நான்கு கணு விட்டு வெட்டினான். பச்சையாக, மெலிந்து இருந்ததை ஒன்றிரண்டு கணுவோடு நிறுத்தினான்.

"இது இன்னும் முத்தல அத்தை. இந்தத் தடவை இதுகிட்ட காய் கேக்கக் கூடாது. வளர விடணும்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பல வருடங்களுக்கு முன் என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுவான். மற்றவர்களுக்கு வைத்த அதே பரீட்சையை அவனுக்கும் வைத்து, ஃபெயில் போட்டேன். "கண்டிப்பா இருந்தாத்தான் உருப்படுவான்" என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். ஜூனில் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. அவன் வீடு பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி. நான் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சித்திரையில் பந்தலில் 11 குலைகள். ஒவ்வொன்றாக எண்ணினேன். குட்டையாக விட்ட கொம்புகளில் ஒன்றும் இல்லை. ஆனால் அவற்றிலிருந்து கிளம்பியவை இந்த மார்கழியில் பென்சில் தடிமனில் பழுப்பேறி நிற்கின்றன. இந்த முறை நான்கு கணு விடலாம்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். கத்திரியை எடுக்கும் முன் கொம்பைத் தொட்டுப் பாருங்கள்.

யாரைச் சொல்கிறேன் என்று கூடப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெயரை இங்கே எழுத வேண்டாம். அவன் நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். அவனிடம் பேச வேண்டும்.