மண் தொடுகிற இடம்

அக்டோபர் 14
மாடியில் போன வருஷம் கத்தரி வைத்த மண்ணைக் கொத்திவிட்டுத் தக்காளி விதைத்தேன். பி.கே.எம்.1 ரகம். அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கியது. நெருக்கமாகவே தூவிவிட்டேன். காலையும் மாலையும் தண்ணீர்.

அக்டோபர் 20
பாய் விரித்த மாதிரி முளைத்திருக்கிறது. மூன்று நாளாக விடாத மழை. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தெருவில் யாரும் நெசவுக்குப் பாவு விரிக்கவில்லை. எங்கள் தறிக்குழியிலும் ஈரம் ஊறுகிறது.

அக்டோபர் 23
ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு நாற்று சாய்ந்து கிடந்தது. இலை மட்டும் பச்சையாகவே இருந்தது. தாகம் என்று நினைத்து ஒரு சொம்பு ஊற்றினேன். சாயங்காலம் இன்னொரு பங்கு படுத்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை.

அக்டோபர் 24
வீட்டுக்காரரிடம் காட்டினேன். பட்டு இழை பார்த்துப் பழகிய கண். ஒரு நாற்றை நகத்தில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். "மேலயும் கீழயும் நல்லாத்தான் இருக்கு. மண்ணு தொடுற இடத்துலதான் இத்துப்போயிருக்கு" என்றார். அந்த இடம் வெந்நீர் பட்டதுபோல் கசிந்து, பழுப்பேறி, நூலாக இளைத்திருந்தது.

நாற்றழுகல் நோய்தான். பித்தியம் என்ற பூசணத்தின் வேலை. ஈர மண்ணில் நீந்தியே அடுத்த நாற்றுக்குப் போய்விடும். தாகத்தில் வாடியதென்றால் தண்டு திடமாக இருக்கும், தண்ணீர் பட்டதும் நிமிரும். புழு வெட்டியதென்றால் தண்டு துண்டாகிக் கிடக்கும். இது இரண்டுமில்லை. நான் ஊற்றிய சொம்புத் தண்ணீர்தான் நோயைப் பரப்பியது.

அக்டோபர் 25
விழுந்ததை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்தினேன். லிட்டருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு பூசணக்கொல்லி கரைத்து மீதி நாற்றின் வேரடியில் ஊற்றினேன். பரவுவது நின்றது, விழுந்தது எழவில்லை. விழுந்த பிறகு மருந்தில்லை, முன்னாடியே தடுக்க வேண்டும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் இதே நோய் வரும். பழைய மண்ணைத் தொட்டதே தப்பு.

அக்டோபர் 27
மறுபடி விதைத்தேன். 98 குழியுள்ள குழித்தட்டு, மக்கிய தென்னைநார்க் கழிவு, குழிக்கு ஒரே விதை. நோய் தடுக்க விதையில் கலக்கும் நன்மைப் பூசணம் டிரைக்கோடெர்மா விரிடி, கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு. என் விதைக்கு ஒரு சிட்டிகைக்கும் குறைவாகத்தான் பிடித்தது. தட்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்தேன், அடியில் நீர் தேங்காதபடி.

நவம்பர் 3
முளைத்தது. மேலே மட்டும் பிளாஸ்டிக் தாள், நாலு பக்கமும் காற்று. விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் காலையில் தண்ணீர். சாயங்காலம் ஊற்றினால் இராத்திரி முழுக்க ஈரம் நிற்கும்.

நவம்பர் 12
தினமும் ஒவ்வொரு கழுத்தாகப் பார்க்கிறேன். இரண்டு இளைத்தன, உடனே குழியோடு எடுத்துவிட்டேன். பக்கத்துக் குழிக்கு வரவில்லை. இலைச்சுருட்டை நோயைக் கொண்டுவரும் வெள்ளை ஈ நுழையாமல் நெருக்கமான வலையும் கட்டியாயிற்று.

நவம்பர் 22
இருபத்தாறு நாள். பிடுங்கிப் பார்த்தேன்: வெள்ளை வேர், பென்சில் முனை மாதிரி உறுதியான தண்டு. மேடாக்கிய புது மண்ணில் நட்டேன். எதிர்வீட்டு அக்காவுக்குப் பத்து நாற்று கொடுத்தேன். வாங்கியதும் சொம்பு எடுக்கப் போனார். "வேண்டாங்கா, முதல்ல மண்ணைத் தொட்டுப் பாருங்க" என்றேன்.