மன்னவனூரில் முயல் குட்டிகளின் படுக்கை

கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் சுமார் 35 கிலோமீட்டர். பூம்பாறை வரை படிப்படியாக இறங்கும் பூண்டு, கேரட் வயல்கள். அதைத் தாண்டினால் காடும் புல்வெளியும்தான். சுற்றுலா வருபவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாம் பார்க்க வேண்டியது மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம். பாரத் மெரினோ ஆடுகளோடு, ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களுக்கும் பெயர் பெற்ற இடம் அது. முயலுக்கு வெயில்தான் ஆகாது. இந்தக் குளிர் நன்றாகவே ஒத்துக்கொள்கிறது.

ஆனால், மலையில் பனிமூட்டமும் ஈரமும் அதிகம். அதில் குட்டிகளை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்க்கத்தான் ஊருக்குள் ஒரு வீட்டுக்குப் போனேன். ‘எட்டுக் குட்டி போட்டது, ரெண்டுதான் மிஞ்சியது’ என்று புலம்பும் முயல் வளர்ப்பாளர்கள் சமவெளியிலும் நிறைய பேர் இருக்கிறார்களே!

வீட்டுக்குப் பின்னால் ஆறு கூண்டுகள். “பெட்டிக்குள்ள மூக்க வச்சுப் பாருங்க தம்பி. நெடி அடிச்சா குட்டி நிக்காது” என்றார் அந்த அக்கா. மருத்துவர்கள் சொல்வதும் அதுதான். மூத்திரத்தில் இருந்து கிளம்பும் அம்மோனியா, குட்டிகளின் கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும்.

முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாள்கள். 28-ம் நாளில் பெட்டியை வைத்து, காய்ந்த புல்லைப் பரப்பிவிடுகிறார். அதன்மேல் தாய் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போடும். குட்டிகள் கண் திறக்கப் பத்து நாளுக்கு மேலாகும். தாயோ ஒரு நாளில் சில நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும். பால் குடித்ததும் குட்டிகள் மெத்தையின் மேல்பக்கமே சிறுநீர் கழித்துவிட்டு, மறுபடியும் உள்ளே புதைந்துகொள்கின்றன. அடிமெத்தை காய்ந்திருப்பது இதனால்தான். ஆகவே, தினமும் கிளறாமல், நனைந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டுக் காய்ந்த புல்லைப் போட்டால் போதும். சுத்தமான ரோமத்தை எறியக் கூடாது. மரத்தூள் வேண்டாம், மூக்கில் ஏறும். நீளமான நாரும் வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும்.

பெட்டிக்குள் தாய் போட்டிருக்கும் நாலைந்து புழுக்கைகளை அவர் தொடவில்லை. எனக்கு இது ஆச்சர்யம்தான். ஒரு வாரம் கழித்துக் குட்டிகள் அதைக் கொறிக்குமாம். தாயின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் குட்டிக்குப் போக அதுவும் ஒரு வழி. அதற்காகப் புழுக்கை குவிந்து ஈரமாகக் கிடக்க விடலாம் என்று அர்த்தமில்லை. காக்சிடியோசிஸ் என்ற கழிச்சல் நோய் ஈரமான சாணத்தில்தான் வீரியம் பெறுகிறது. தாயிடமிருந்து பிரிக்கும் பருவத்துக் குட்டிகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்றுவிடும்.

குட்டிகள் மூன்று வாரத்தில் வெளியே வந்ததும், கூண்டில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சிறுநீர் கழிக்கின்றன. அந்த மூலைக் கம்பியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். வினிகர் ஊற்றி ஊறவைத்துத் தேய்க்கிறார். குட்டிகளைப் பிரித்த பிறகு, காலிக் கூண்டைக் கழுவி வெயிலில் வைத்துவிடுகிறார். வெயில் இல்லாத நாள்களில் தீ காட்டுவதாகச் சொன்னார்.

கூண்டுக்குக் கீழே விழும் புழுக்கை, மட்கிய பிறகு பூண்டு வயலுக்குப் போகிறது. விலைக்குக் கேட்டாலும் கொடுப்பதில்லையாம்.