சுவரில் மூன்று அங்குலம்

"சாயந்திரம் ஆறரைக்கு மேல வாங்க தம்பி. இருட்டுனாத்தான் நம்ம வேலை கண்ணுக்குத் தெரியும்" என்று போனில் சொல்லியிருந்தார் எலக்ட்ரீஷியன் அண்ணன். நாமக்கல் சேலம் சாலையில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே அவர் கடை. நாற்பது வருடமாக வண்டி ஒயரிங் பார்க்கிறவர். உதவிக்கு ஒரு பையன்.

முந்தின வாரம் மோகனூரிலிருந்து இரவில் வந்துகொண்டிருந்தேன். பின்விளக்கு இல்லாமல் முன்னால் போன கரும்பு டிரெய்லரை, தோகை பானெட்டில் உரசிவிடும் தூரத்தில்தான் கண்டேன். டிரெய்லர்க்காரரைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்து, காரை விட்டு இறங்கி முன்னால் நின்று பார்த்தபோதுதான் என் பக்கத்துத் தவறும் தெரிந்தது. ஹெட்லைட் கண்ணாடி, புரை விழுந்த கண் மாதிரி மஞ்சளாகியிருந்தது.

நூறு வாட்ஸ் பல்பு போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். அண்ணன் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். உருகி வளைந்த ஹோல்டர்கள் பத்துப் பதினைந்து விழுந்தன. "எல்லாம் நூறு வாட்ஸ் போட்டவங்க வண்டிதானுங்க. கம்பெனிக்காரன் அறுபது-அம்பத்தஞ்சுக்குத்தான் ஒயரு போட்டிருக்கறான். மொதல்ல இருக்கற கரண்டு பல்பு வரைக்கும் போகுதான்னு பாக்கோணும்."

பையன் எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மீட்டரை வைத்தான். பேட்டரியில் 14.1 வோல்ட். பல்பு ஹோல்டரில் 12.2. ஏறக்குறைய இரண்டு வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. இரண்டுதானே என்று விட்டுவிட முடியாது. ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பல்பை மாற்றி மாற்றிக் காசைச் செலவழிக்கும் பலருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஹோல்டரின் எர்த் ஒயரிலும் வைத்தபோது திருடன் அகப்பட்டான். பாடியில் எர்த் முறுக்கியிருந்த போல்ட்டுக்கு அடியில் துரு. பையன் அதைக் கழற்றி, எம்ரித் தாளால் தகடு பளிச்சிடும்வரை தேய்த்து, கிரீஸ் தடவி முறுக்கினான். கூடவே ஒரு ரிலேயும் வைத்தார்கள். இனி லைட்டுக்கான கரண்டு ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சைச் சுற்றிவராமல், பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக நேரே பல்புக்குப் போகும். சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும்.

அதற்குள் அண்ணன் செத்த ஹெச்4 பல்பு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். இவ்வளவு வருடம் கார் ஓட்டியும் நான் அதை உற்றுப் பார்த்ததில்லை. உள்ளே நெல்மணி நீளத்தில் இரண்டு இழைகள். ஒன்று பிரைட்டுக்கு, இன்னொன்று டிப்புக்கு. டிப் இழைக்கு அடியில் மட்டும் ஒரு சின்ன உலோகக் கிண்ணம். அந்த இழையின் வெளிச்சம் கீழ்ப்பாதி ரிஃப்ளெக்டரில் விழாதபடி கிண்ணம் மறிக்கிறது. மேல்பாதியில் பட்டுத் திரும்புவது மட்டும் சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பது நகக்கண் அளவுள்ள அந்தத் தகடுதான். 1971இல் வந்த பல்பு இது. செய்தவர்களை நினைத்து எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது.

"எல்.ஈ.டி. பல்பு வாங்கி மாட்டறாங்களே அண்ணா?"

"கம்பெனியே எல்.ஈ.டிக்குன்னு பண்ணுன ஹெட்லைட் டூமுன்னா அருமையா இருக்குமுங்க. இந்த டூமு இழைக்குன்னு பண்ணுனது. இழை இருக்கற எடத்துல வெளிச்சம் இல்லீன்னா நாலாபக்கமும் செதறும். ஓட்டறவனுக்குப் பக்கத்துல பளபளன்னு தெரியும், எதுக்க வர்றவன் கண்ணு அவிஞ்சுபோகும்."

புது பல்பைப் பையன் அடிப்பகுதியைப் பிடித்தே மாட்டினான். கண்ணாடியில் விரல் பட்டால் எண்ணெய்ப்பசை ஒட்டும், அந்த இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும்.

மஞ்சள் கண்ணாடிக்குத்தான் நேரம் பிடித்தது. அது கண்ணாடியே அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே பூசிய பாதுகாப்புப் படலம் வெயிலில் வெந்து உதிர்ந்தபின் பிளாஸ்டிக்கும் மஞ்சளாகிறது. சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே 800ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1500, 2000, 3000 என்று தேய்த்தான் பையன். முதல் தாளில் மஞ்சள் பாலாக வழிந்தது. லைட் இன்னும் மோசமாக, சாம்பல் பூத்துவிட்ட மாதிரி ஆனதைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. பஃபிங் சக்கரம் வைத்த பிறகுதான் உள்ளே ரிஃப்ளெக்டர் தெளிந்து வந்தது. பற்பசை போட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு. வெயில் தாங்கும் கிளியர் கோட் அடிக்காவிட்டால் எதில் தேய்த்தாலும் சில மாதத்தில் பழையபடி மஞ்சள்தான். அந்தக் கோட்டை அண்ணன் தன் கையாலேயே அடித்தார்.

நன்றாக இருட்டியிருந்தது. சமதரையில், சுவரிலிருந்து 25 அடி தள்ளிக் காரை நிறுத்தினார்கள். டயர்களில் காற்றுச் சரிபார்த்து, என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, டாஷ்போர்டில் இருந்த லெவல் சக்கரத்தை 0வில் வைக்கச் சொன்னார்கள். "பின்னால ஆளு ஏறுனா மூக்குத் தூக்கிக்குமுங்க. அன்னைக்கு இத ரெண்டுக்குத் திருப்போணும்." லைட்டின் நடு உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸ் கோடு, அதற்கு மூன்று அங்குலம் கீழே இன்னொன்று. டிப் போட்டேன். வலப்பக்கம் படுக்கையாக நின்ற வெளிச்சத்தின் விளிம்பு இடப்பக்கம், நடந்து போகிறவர்கள் வரும் பக்கம், மெல்ல மேலேறியது. பையன் ஸ்க்ரூவைத் திருகத் திருக, அந்த விளிம்பு கீழ்க்கோட்டில் வந்து அமர்ந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். அண்ணன் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து, சுவர் ஓரம் என் வலப்பக்கத்துக்கு நேராக உட்கார்ந்து, லைட்டையே பார்த்தார். "மொபெட்டுல வர்றவனுக்குக் கண்ணு இவ்வளவு ஒசரத்துலதான் இருக்கும்" என்றார். ஒரு நிமிடம் கண்ணைச் சுருக்கினார்.

"வலது லைட்ட இன்னும் கா சுத்து எறக்குடா."

பையன் இறக்கினான். அண்ணன் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.