பிரேக் எண்ணெயில் புகுந்த காற்று

மோட்டார் சைக்கிளுக்குச் சங்கிலி இறுக்குவோம், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைப்போம், இயந்திர எண்ணெயைக்கூட வீட்டு வாசலிலேயே மாற்றிவிடுவோம். பிரேக் என்றதும் மட்டும் நம்மவர்களுக்குக் கை பின்வாங்கிவிடுகிறது. அது பட்டறைக்காரர் வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். அந்த அச்சம் ஒரு வகையில் நியாயமானதே. தவறாகச் செய்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால், செய்யாமலே விட்டாலும் அதே ஆபத்துதான் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை, அன்பர்களே.

என் மகள் மாசாயிலிருந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கிறாள். பேருந்தில் போனால் போக வர ஐந்து மணி நேரம் கரைகிறது என்று சொல்லி, தன் சேமிப்பில் பழைய ஹோண்டா வேவ் 125 ஒன்றை வாங்கிவிட்டாள். என் மனைவிக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. மூன்று நாள் வீட்டில் பேச்சே இல்லை. நான் தடுக்கவில்லை, தடுத்தாலும் கேட்கும் வயதை அவள் கடந்துவிட்டாள். விடியற்காலை நாலரைக்கு வண்டி புறப்படும் ஓசை கேட்டால், அவள் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டதாகக் குறுஞ்செய்தி வரும்வரை இருவருமே உறங்குவதில்லை. பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லாரிகளுக்கு நடுவே அந்தச் சிறு வண்டி போகிறது என்ற நினைப்பு ஒன்றே போதும்.

இந்நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பது யாவரும் அறிந்த செய்தி. எனக்கு அது வெறும் செய்தியன்று. இருபத்தாறு ஆண்டு ஆசிரியப் பணியில் முன்னாள் மாணவர் மூவரின் இறுதிச் சடங்குக்குச் சென்றிருக்கிறேன். மூவரும் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். வேகம் என்றார்கள், மழை என்றார்கள், விதி என்றார்கள். அவர்கள் வண்டியின் பிரேக் எப்படி இருந்தது என்று அந்த வீடுகளில் ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு மாலை, மகளின் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளும்போது முன் பிரேக்கைப் பிடித்தேன். கைப்பிடி பஞ்சைப் போல அமுங்கியது. விரல்கள் ஏறக்குறைய ஹேண்டில் வரை போன பிறகுதான் வண்டி நின்றது. கேட்டால், "இரண்டு வாரத்துக்கு முந்திதான் பட்டறையில பேட் மாத்தினேம்ப்பா, நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்க" என்றாள். பேட்டை மாற்றியவர்கள் எண்ணெயைத் தொடவேயில்லை. கைப்பிடியருகே உள்ள எண்ணெய்க் குடுவையின் கண்ணாடி வழியே பார்த்தேன். புதிய பிரேக் எண்ணெய் வெளிர் மஞ்சளாக இருக்கும். இதுவோ கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

நான் ஓட்டிப் பழகிய இஎக்ஸ்5 வண்டியில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. இரு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன்னே ஒரு கம்பிவடம், பின்னே ஓர் இரும்புக் கம்பி. தளர்ந்தால் ஒரு திருகாணியை முடுக்கினால் போதும். டிஸ்க் பிரேக் அப்படியன்று. கைப்பிடியை அமுக்கும்போது நாம் தருகிற அழுத்தத்தை எண்ணெய்தான் குழாய் வழியே சக்கரம் வரை சுமந்து செல்கிறது. மூடிய பாத்திரத்திலுள்ள நீர்மத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கண்ட விதி இங்கே வேலை செய்கிறது. நீர்மம் சுருங்காது. காற்று சுருங்கும். குழாய்க்குள் ஒரு சிறு குமிழி இருந்தாலும் நம் கைவலிமை அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே வீணாகிவிடும்.

காற்று எப்படி உள்ளே வருகிறது? பழுது பார்க்கையில் நுழையலாம். குடுவையில் எண்ணெய் வற்றினாலும் நுழையலாம். நம் நாட்டுப் புழுக்கத்தில் இன்னொரு வழியும் உண்டு. டாட் 3, டாட் 4 வகை எண்ணெய்கள் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும் தன்மையுடையவை. புதிய டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரநிலை. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறும்போது உள்ளே நீராவி உண்டாகும். அதுவும் காற்றைப் போலவே சுருங்கும். ஆகவேதான் ஓட்டிய தூரம் எவ்வளவாயினும் ஈராண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்கிறார்கள்.

ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. மகளுக்கோ சிங்கப்பூர்க் கணக்கில் சனியும் ஞாயிறும். 2025 சனவரியில் இங்கும் சனி, ஞாயிறு என்று மாறிய பிறகுதான் எங்களுக்கு இரு நாளும் ஒன்றாக ஓய்வு வாய்க்கிறது. அப்படியொரு ஞாயிறு காலையில் வேலையைத் தொடங்கினோம். "நீயே செய், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றேன். அவள் எதிர்பார்க்கவில்லை.

முதலில் வண்டியின் சாயம் பூசிய பாகங்கள்மேல் ஈரத்துணி விரித்தோம். பிரேக் எண்ணெய் சாயத்தைத் தின்றுவிடும். சிந்தினால் துடைத்தால் மட்டும் போதாது, நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கேலிப்பரைக் கழற்றும் முன்பே பேட்டைத் தாங்கும் ஊசியைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். கழற்றிய பிறகு அதைத் திருகப் பிடிமானம் இராது. பட்டறையில் போட்ட பேட்டைப் பார்த்ததும் எனக்குச் சினம் வந்தது. ஒன்று தடித்திருக்க, மற்றொன்று சரிவாகத் தேய்ந்திருந்தது. கேலிப்பர் வழுக்கி நகரும் ஊசிகள் அழுக்கேறி இறுகிக் கிடந்தன. பேட்டை மாற்றியவர்கள் அவற்றைத் துடைக்கவே இல்லை. துடைத்து, அதற்குரிய சிலிக்கான் கிரீஸை மிகச் சிறிதளவு தடவினோம். பேட்டிலோ டிஸ்கிலோ அது ஒரு துளியும் படக்கூடாது. பிஸ்டனையும் நன்கு துடைத்த பிறகே உள்ளே தள்ள வேண்டும். அழுக்கோடு தள்ளினால் ரப்பர் வளையம் கெடும். தள்ளும்போது மேலே குடுவையில் எண்ணெய் ஏறும், வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேட் இல்லாத நேரத்தில் கைப்பிடியை யாரும் விளையாட்டாகக்கூட அமுக்கக்கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

புதிய பேட்டைப் பொருத்தியாயிற்று. இனிக் காற்றெடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு 'குருதி வடித்தல்' என்ற பொருளில் ஒரு சொல் வழங்குகிறது. 'காற்றெடுத்தல்' என்று நாம் சொல்வதே செயலைச் சரியாகச் சுட்டுகிறது என்பது என் கட்சி.

கேலிப்பரிலுள்ள வடிமுனையில் தெளிவான சிறு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது பிரேக் எண்ணெய் ஊற்றிய புட்டிக்குள் மூழ்கவைத்தோம். நான் கைப்பிடியில், அவள் கீழே 8 மில்லிமீட்டர் ஸ்பேனருடன். நான் சிலமுறை அமுக்கி, அமுக்கியபடியே பிடித்துக்கொண்டு "திற" என்பேன். அவள் கால் சுற்றுத் திறப்பாள். எண்ணெய் வெளியேற, கைப்பிடி உள்ளே இறங்கும். "மூடு." அவள் மூடிய பிறகே நான் கையை எடுப்பேன். திற, மூடு, பிடி, விடு. ஏவல் வினைமுற்றுப் பாடம் நடத்துவதுபோல் இருந்தது. மூடுவதற்கு முன்பு கையை விட்டால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஆகவே, இருவரில் எவரும் மற்றவருக்கு முந்தக்கூடாது. நாலைந்து முறைக்கு ஒருதரம் குடுவையில் புதிய எண்ணெய் ஊற்றினோம். கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முதலில் கறுத்த எண்ணெய் வந்தது. பிறகு குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக. "அப்பா, இவ்வளவு காத்தா உள்ள இருந்துச்சு?" என்று அவள் கேட்டபோது குரலில் முன்பிருந்த அலட்சியம் இல்லை. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி உள்ளே போய் இருவருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அந்த வண்டியின் அருகே அவர் வந்தது அதுவே முதன்முறை.

நிறம் தெளிந்து, குமிழி நின்றபின் இடம் மாறினோம். இப்போது அவள் கைப்பிடியில். கல்லைப் பிடித்தாற்போல் இருப்பதாகச் சொன்னாள். முழு வலிமையோடு சற்று நேரம் பிடித்திருக்கச் சொல்லி, எங்காவது கசிகிறதா என்று விளக்கொளியில் பார்த்தேன். சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா என்றும் பார்த்தோம். பிறகு தாமான் சாலையிலேயே மெதுவாக இரண்டு சுற்று. புதிய பேட் டிஸ்கோடு பொருந்திப் பழகும்வரை முதல் சில நாள் கடும்பிடி பிடிக்காமல் இடைவெளி விட்டு ஓட்டும்படி கூறினேன்.

பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல், புட்டியில் அடைத்து, பேர் எழுதி ஒட்டி, கழிவெண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுத்தோம்.

மறுவாரம் மகள் வந்து, உடன் பணிபுரியும் தோழியின் வண்டியிலும் கைப்பிடி அப்படித்தான் அமுங்குகிறதாம், ஞாயிறு அழைத்து வரட்டுமா என்று கேட்டாள். இம்முறை தானே திறந்து மூடுவதாகவும், கைப்பிடியைத் தோழி பிடிப்பாள் என்றும் சொன்னாள். எங்களிடம் பாதிப் புட்டி எண்ணெய் மீதி இருந்தது. திறந்து வைத்த புட்டி ஈரத்தை இழுத்திருக்கும் என்பதால், புதிதாக ஒன்று வாங்கிவரச் சொன்னேன்.