முதலில் எடை, பிறகு நடை

ஜிம்மில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தவறாமல் கேட்பது இது: "முதல்ல டிரெட்மில்லா, டம்பெல்லா?" கையில் இருப்பது ஒரு மணி நேரம். உடம்பில் தெம்பு குறையாத முதல் அரை மணியை எதற்குக் கொடுப்பது என்பதுதான் உண்மையில் கேள்வி.

ஐம்பதைத் தாண்டியவள் நான். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றதும் டாக்டர், சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "வாக்கிங் போங்க" என்பதுதான். நம்மூரில் உடற்பயிற்சி என்றாலே வாக்கிங். மெரினாவிலும் கோவை ரேஸ்கோர்ஸ் சாலையிலும் விடியற்காலையில் எத்தனை பேர்! அந்த நடை இதயத்துக்கு நல்லது, ரத்த அழுத்தத்துக்கு நல்லது. ஆனால், வயதோடு கரையும் தசையை நிறுத்தி வைக்க அது மட்டும் போதாது.

முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாக. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது இந்தத் தசைதான். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு மதிப்பிட்டது. தசை குறைவாகவும் வயிற்றுக் கொழுப்பு கூடுதலாகவும் உள்ள உடல்வாகு நம்முடையது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டும் என்கிற உலக சுகாதார நிறுவனம், கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முன்பாதியை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம்.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்றை ஒன்று கெடுக்குமா? அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பேர்போனது. ஒரு குழு எடை தூக்கியது, ஒரு குழு ஓட்டமும் சைக்கிளும், மூன்றாவது குழு இரண்டும். பத்து வாரத்தில் மூன்றாவது குழுவின் மூச்சுத்திறன் குறைவில்லாமல் கூடியது. பலம் மட்டும் ஏழெட்டு வாரம் ஏறிவிட்டு, அப்புறம் நின்று இறங்கியது. அவர்கள் செய்தது மிகக் கடுமையான பயிற்சி. நம்மைப் போன்றவர்கள் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. வரிசையைப் பற்றிப் பின்னால் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது: எடையை முதலில் வைத்தால் கால்களின் பலம் சற்றுக் கூடுதலாக வளர்கிறது; மூச்சுத்திறனோ எந்த வரிசையிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

காரணத்தை உடம்பே சொல்கிறது. அரை மணி வேகமாக ஓடியபின் ஸ்க்வாட் செய்தால் தொடை நடுங்கும், முதுகு வளையும். தசையில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பும் கொஞ்சம் செலவாகியிருக்கும். எடை தூக்கக் கவனமும் திடமும் தேவை; களைத்த காலோடும் நடக்கலாம். அதனால் ஐந்து பத்து நிமிடம் வார்ம் அப், பிறகு எடை, கடைசியில் நடை. மாரத்தானுக்குத் தயாராகிறவருக்கு ஓட்டம்தான் முதலில். இதய நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் டாக்டரைக் கேட்டபிறகே எதுவும்.

"அக்கா, வெயிட் தூக்கினா ஒடம்பு முறுக்கேறி ஆம்பளை மாதிரி ஆயிடாதா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். ஆகாது என்றேன். தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண்ணுடம்பில் மிகக் குறைவு. கிடைப்பது வேறு: கையூன்றாமல் தரையிலிருந்து எழுவது, அரிசி மூட்டையை நகர்த்துவது, எழுபதிலும் படியேறுவது. எலும்பும் உறுதிப்படும்.

வரிசை மாறினால் குடிமுழுகிவிடாது. நடந்துவிட்டுத் தூக்கினால்தான் ஜிம்முக்குப் போகத் தோன்றுகிறது என்பவர் அப்படியே செய்யட்டும். விடாமல் போவதுதான் பெரிது. ஆனாலும் என்னிடம் கேட்பவர்களுக்கு, முக்கியமாக என் வயதுப் பெண்களுக்கு, எடையையே முதலில் சொல்கிறேன். நடக்கச் சொல்ல ஊரே இருக்கிறது. தூக்கச் சொல்லத்தான் ஆளில்லை.