குடும்பப் பெயரும் ஓர் ஓலையும்

ஜெர்மனியில் படிப்பதற்கான விசா விண்ணப்பம் முதலில் கேட்பது குடும்பப் பெயரை. தமிழர்களில் பெரும்பாலோருக்கு அப்படியொன்று இல்லை என்பது அந்தப் படிவத்துக்குத் தெரியாது. பலரிடம் இருந்தது, விட்டுவிட்டோம் என்று சொல்வதே சரி. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அடுத்த இரண்டு மூன்று தலைமுறைகளில் அவை பெருமளவு உதிர்ந்தும் போயின. மிஞ்சியது ஊரையோ தந்தையையோ சுட்டும் முன்னெழுத்து.

இது புதிய ஏற்பாடும் அன்று. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று நம் தொகைநூல்களில் பெயர் குறித்தவர்கள் ஊரைச் சொல்லி, தந்தையைச் சொல்லி, அதன் பிறகே ஆளிடம் வந்தார்கள். அங்கே கணக்காயனார் என்பது தந்தையைத்தான் குறிக்கிறது; அதைச் சொல்லி யாரும் நக்கீரரைக் கூப்பிடுவதில்லை. குடும்பப் பெயர் என்பதோ கூப்பிடுவதற்காகவே இருப்பது. செம்புலப்பெயனீரார் இன்று விசாவுக்கு விண்ணப்பித்தால் என்ன செய்வார் என்று நாங்கள் வீட்டில் பேசிச் சிரித்ததுண்டு. இயற்பெயரே நமக்குத் தெரியாத மனிதர்; தாம் எழுதிய ஓர் உவமையைத் தவிர வேறு அடையாளச் சான்று இல்லாதவர்.

எங்கள் மகள் பள்ளியில் படித்தபோதே அவளுக்குக் கடவுச்சீட்டு எடுத்தோம். குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எங்களில் தந்தையானவரின் பெயர் ஏறியது. ஸ்டுட்கார்ட் நகரில் நீர்வளப் பொறியியல் முதுநிலைப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்து மின்னஞ்சல் வந்தபோது, 'ஃப்ராவ்' என்ற மரியாதைச் சொல்லுக்கு அடுத்து அந்த ஆண்பெயர் கம்பீரமாக நின்றது. திருமதி முருகேசன் என்பது போல. எங்களில் மற்றவருடைய பெயருக்கு அங்கே எந்தக் கட்டமும் இல்லை. இதைச் சொல்லிக் காட்டியவரும் அவரேதான். மற்றவரிடம் அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பெயர்ச் சிக்கல் அதோடு முடியவில்லை. பள்ளி மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால், பட்டச் சான்றிதழில் முன்னால், கடவுச்சீட்டில் அதுவே விரிந்து முழுப்பெயராக. இந்திய மாணவர்கள் ஜெர்மன் விசா கேட்கும் முன் தம் கல்விச் சான்றுகளை ஏ.பி.எஸ். என்னும் அமைப்பிடம் சரிபார்க்க வேண்டும் என்பது 2022 நவம்பர் முதல் கட்டாயம். மூன்று பெயருக்கும் உரியவள் ஒருத்தியே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினோம். இருபத்து மூன்று ஆண்டுகளாக எங்கள் கண்ணெதிரே வளர்ந்தவள் ஒருத்திதான் என்பதற்கு முத்திரைத்தாள் தேவைப்பட்டது.

பணத்தைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. மாணவர் தம் ஓராண்டுச் செலவுக்கான தொகையை முடக்குக் கணக்கு ஒன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அங்கே போய்ச் சேர்ந்தபின் மாதம் 992 யூரோ வீதம்தான் எடுக்க முடியும். நம் பணத்தில் பன்னிரண்டு லட்சத்தை ஒட்டி வருகிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமில்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், பெரும்பாலும் உண்மை. ஆனால் ஸ்டுட்கார்ட் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. வைப்புநிதியை உடைத்தோம், நகைகள் வங்கிக்குப் போயின. ஆசிரியர் குடும்பங்களில் இது வழக்கமான கதைதான்.

எங்களைப் பல நாள் பிடித்து வைத்திருந்தது ஒரு பக்கக் கடிதம். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த நாடு, படித்து முடித்தபின் என்ன திட்டம் என்று விண்ணப்பிப்பவர் தம் சொற்களில் விளக்க வேண்டும். மகளின் முதல் வரைவு அப்பட்டமான அவையடக்கம். எளிய குடும்பம், சிறிய அறிவு, பெரிய வாய்ப்பு, மிக்க நன்றி. கம்பனுக்கு அது பொருந்தும்; அவன் காவியம் பின்னால் வருகிறது. விசா அதிகாரிக்கு அந்த ஒரு பக்கம்தான் காவியம். மறுபுறம், ஆலோசனை நிறுவனம் ஒன்று தந்த மாதிரிக் கடிதத்தில் மாணவர் பிறந்ததிலிருந்தே ஜெர்மானியப் பொறியியலைக் கனவு கண்டுகொண்டிருந்தார். அந்தப் பொய்யை எத்தனை பேர் நகலெடுத்து அனுப்பினார்களோ.

இந்த இடத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது நன்னூல். தன்னைத் தானே புகழ்வது புலவனுக்குத் தகாது என்பது பொது விதி. பவணந்தி முனிவர் அதற்கு நான்கு விலக்குகள் தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிரி தன்னைப் பழித்தபோது. எத்தனையோ ஆண்டுகள் பரீட்சைக்காக நடத்திய நூற்பா. முதல் இரண்டு விலக்குகளும் விசாக் கடிதத்துக்கென்றே எழுதியவைபோல் இருப்பது அன்றுதான் கண்ணில் பட்டது. அரசுக்கு எழுதும் ஓலை. படிப்பவருக்கு நம்மைத் தெரியாது. மகளிடம் சொன்னோம். "அப்போ எழுதலாம்கிறாரா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போனாள்.

இரண்டாம் வரைவில் பணிவும் இல்லை, கனவும் இல்லை. 2015 டிசம்பரில் தாம்பரம் பக்கத்து எங்கள் தெருவில் வெள்ளம் புகுந்தபோது எட்டாம் வகுப்பு மாணவியாக மாடிப்படியில் உட்கார்ந்து நீர்மட்டத்தைச் சுவரில் கரிக்கோடாகக் குறித்ததை எழுதியிருந்தாள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்ததை எழுதியிருந்தாள். நான்கே ஆண்டுகளில் ஒரே நகரம் மூழ்கவும் செய்தது, தாகத்தால் தவிக்கவும் செய்தது. இதை விளங்கிக்கொள்ளவே இந்தப் படிப்பு என்றிருந்தாள். அந்தக் கரிக்கோட்டுக்கு மேல் நாங்கள்தாம் வெள்ளையடித்தோம். அவள் அதை நினைவில் வைத்திருப்பாள் என்று எண்ணியதே இல்லை.

கடைசிப் பத்தி இன்னும் புதிது. படிப்பு முடிந்ததும் சில ஆண்டுகள் அங்கேயே பணியாற்ற விரும்புவதாக எழுதியிருந்தாள். படித்ததும் ஊர் திரும்பிவிடுவேன் என்று எழுதுவதே நல்லது என்பார் ஆலோசகர்கள். பட்டம் பெற்ற வெளிநாட்டு மாணவர் வேலை தேடுவதற்குப் பதினெட்டு மாதங்கள் வரை தங்க ஜெர்மானியச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அவள் எழுதியதில் தவறேதுமில்லை. எங்களைத் தொட்டது வேறு. இதை அவள் எங்களிடம் சொல்லியதில்லை. ஒரு தூதரகத்துக்கு எழுதிய ஓலையைத் திருத்தும்போதுதான் தெரிந்துகொண்டோம்.

கேட்டதற்கு, "இது உங்களுக்கு எழுதின லெட்டர் இல்லம்மா, அவங்களுக்கு எழுதினது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். அதை மாற்றச் சொல்லலாமா என்று அன்றிரவு எங்களுக்குள் நெடுநேரம் பேச்சு நடந்தது. விசாவுக்காக ஒரு பொய் எழுது என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. எங்களுக்காக ஒரு பொய் எழுது என்று சொல்ல இன்னும் வரவில்லை. காற்புள்ளிகளை மட்டும் திருத்திக் கொடுத்தோம்.

கைரேகை கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. மறுத்துவிட்டால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கோரும் வழி முன்பு இருந்தது; 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அதை உலகெங்கும் நீக்கிவிட்டது. இனிப் புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லையேல் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். கண்ணகிக்கு அரண்மனை வாயிலாவது நடந்துபோகும் தொலைவில் இருந்தது. அக்டோபரில் வகுப்புகள் தொடங்குகின்றன. அவள் ஜெர்மன் வினைச்சொற்களைச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். நாங்களும் போகும்போதும் வரும்போதும் படித்துப் படித்து, போ, வா, இரு, தங்கு ஆகிய நான்கையும் கற்றுக்கொண்டோம்.